அத்தை கண்ட மேய்ச்சல் தடம்

நீல் தீவில் அன்று காலை கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் பாறைப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, என் மாமியார் மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரமணலில் குந்தி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்த இடத்தில் நாற்றங்கால் போலப் பச்சைப்பசேலென்று புல் படர்ந்திருந்தது. அதைத்தான் விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தமானுக்கு வந்து மூன்று நாட்களில் அவர் ஆவலாகப் பார்த்த முதல் பொருள் அந்தப் புல்தான்.

நியாயமாக அவர் அங்கே வந்திருக்கவே கூடாது. அது நானும் என் கணவரும் கல்யாணமான நாளிலிருந்து பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணம். அவர் திருவையாற்றுக்குப் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்க்கிறார். சம்பா அறுவடைக்கு முன்னால் போய் வந்துவிடலாம் என்று கிளம்பினால், மழை வரும் என்ற பேச்சில் ஊரே முன்கூட்டி அறுத்துக் கொண்டுவந்து குவித்துவிட்டது. லீவு ரத்து. “அம்மாவக் கூட்டிட்டுப் போ. மாட்ட நான் பாத்துக்கறேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது.

அத்தையோடு எனக்குச் சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. பத்து வருடம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம். “குழம்ப இறக்கிட்டேன்”, “பால் ஊத்தியாச்சு” என்பதைத் தாண்டி நாங்கள் பேசியது குறைவு. அவருக்கு உலகமே மூன்று மாடுகள்தான். அடுத்தவர் வயலில் நடவு நட்டு வளர்ந்த குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தமென்று வந்தது ஒரு பசு. அதன் வம்சத்தை விட்டு அவர் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். போர்ட் பிளேரில் இறங்கியதும் மகனுக்குப் போன் போட்டு, “செவலை தண்ணி குடிச்சுச்சா?” என்று கேட்டார். இதற்கா இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று நினைத்தபடி நான் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

“இங்க வாம்மா” என்று அன்று காலை அவர் கூப்பிட்டபோதும் சலிப்போடுதான் போனேன்.

“ஏதோ மாடு மேஞ்சிருக்கு, பாரு.”

“கடலுக்குள்ள ஏது அத்தை மாடு?”

“மாடோ என்னவோ. மேஞ்ச தடம் எனக்குத் தெரியாதா? ஒரு சாண் அகலத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு போகுது. நுனியக் கடிக்கல, வேரோட பிடுங்கித் தின்னுருக்கு. அறுந்த வேரு இன்னும் வெள்ளையா இருக்கு. நேத்து வந்ததுதான்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பக்கத்தில், அடிப்பக்கம் கண்ணாடி பதித்த சுற்றுலாப் படகைக் கழுவிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். அவருடைய அப்பா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம். குனிந்து பார்த்தவரின் முகம் மாறியது.

“அம்மா, இது ஆவுளியா மேஞ்ச தடம். கடல்பசுன்னு சொல்லுவாங்க. இந்தப் பக்கம் ஒண்ணைப் பாத்து ரொம்ப நாளாச்சு. இனிமே வராதுன்னே நெனச்சுட்டோம்.”

“மறுபடி எப்ப மேய வரும்?”

“தண்ணி ஏறுனா வரலாம். இங்கதான் வரும்னு சொல்ல முடியாதும்மா.”

“வரும். பாதிப் புல்ல மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்கு. இத விட்டுட்டு எங்க போவும்?”

ஆனால் மதியம் எங்களுக்கு ஹேவ்லாக் தீவுக்குப் படகு இருந்தது. அங்கேயுள்ள வெள்ளைமணல் கடற்கரையின் படத்தைப் பல வருடங்களாக என் போனில் வைத்திருந்தேன். நான் போக ஆசைப்பட்ட இடமே அதுதான். அத்தை என்னைக் கேட்கவில்லை. புல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். சினைமாட்டின் பக்கத்தில் நிற்கும்போது அவர் முகத்தில் வரும் அதே தவிப்பு. “சரி அத்தை, இருந்து பாத்துட்டே போவோம்” என்றேன். சொல்லிவிட்டு நானே ஆச்சரியப்பட்டேன்.

பிற்பகலில் தண்ணீர் ஏறியது. படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போய், புல் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் படகை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். “கிட்ட போனா மிரண்டுரும்” என்றார். “தெரியும்” என்றார் அத்தை. ஒரு மணி நேரம் போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஹேவ்லாக் படகு போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்ட நேரத்தில், ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு கேட்டது.

இரண்டு மூக்குத் துளைகள் நீருக்கு மேலே திறந்து மூடின. பின்னாலேயே பழுப்பு முதுகு ஒன்று உருண்டு எழுந்து, அகன்ற வாலை மெல்ல அசைத்துக் கீழே போனது. தெளிந்த நீருக்கடியில் அது புல்லில் வாயை வைத்து மேய்வது நிழல்போலத் தெரிந்தது. சுற்றிலும் மணல் புழுதியாகக் கிளம்பியது. படகுக்காரர் கைகூப்பிவிட்டார். அத்தை தன்னை அறியாமலே, கொட்டகையில் மாட்டைக் கூப்பிடுவதுபோல “ம்பா... வா, வா” என்று குரல் கொடுத்தார். மறுபடி அது மூச்சுவிட மேலே வந்தபோது, ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன மூக்கு.

“கன்னு! கன்னும் கூட இருக்கு பாரும்மா!”

என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. போன் பையிலேயே கிடந்தது. படம் எடுக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கரைக்கு வந்து இளநீர் குடிக்கும்போது, கேட்காமலே அவர் சொன்னார்: “தரங்கம்பாடிக்கு நம்ம சனமெல்லாம் வேன் வெச்சுப் போவாங்க. யாராவது கூப்புடுவாங்கன்னு வாசல்லயே நிப்பேன். ‘ஒனக்குத்தான் மாடு இருக்கே’ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நானும் ஆமான்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டேன்.” நானும் அத்தனை வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று இரண்டாவது இளநீரையும் நாங்கள் பேசிக்கொண்டே குடித்தோம்.

ஹேவ்லாக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. அத்தையோடு தரங்கம்பாடி போய்விட்டு வந்தேன். அலையில் நனைந்த சேலையோடு கோட்டையைச் சுற்றி வந்தார். போன வாரம் நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

“லட்சத்தீவுக்குக் கப்பல் எங்கேருந்து போவுதுன்னு போன்ல பாத்துச் சொல்லும்மா. அவன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. அவனுக்கு மாடு பாக்குற வேலை இருக்குன்னு கெளம்பற அன்னிக்குச் சொல்லிக்கலாம்.”