அழைப்பிதழில் போட்ட தேதி

வேறு வேறு சாதியினரான நானும் என்னை மணக்கவிருந்த பெண்ணும், புரோகிதர் இல்லாமல் திருமணம் நடத்திவைக்கும் பெரியவரைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனோம். கறுப்புச் சட்டை, தடித்த கண்ணாடி. மல்லாட்டையை உரித்து உரித்துக் கடலையை எங்களுக்கே தந்தார், அவர் தின்னவில்லை.

“பத்திரிகையில ஞாயித்துக்கிழமைனு போடுங்க. கல்யாணத்த வெள்ளிக்கிழமையே முடிச்சிடலாம்.”

“வர்றவங்க ஏமாந்து போவாங்களேங்க?” என்று சிரித்தேன்.

“கத்தி எடுத்துக்கினு வர்றவனும் ஏமாந்து போவான் தம்பி. பொண்ணுக்கு அண்ணனுங்க உண்டா?”

“மூணு பேருங்க” என்றாள் அவள்.

“போன தபா ஒரு பொண்ணுக்குப் பத்திரிகையில போட்ட தேதியிலேயே வெச்சேம்மா.”

“அந்தப் பொண்ணு?”

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

வெள்ளிக்கிழமை எங்களை வாழ்த்திப் பேசியபோது, அவர் ஒருமுறைகூட எங்களைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.