தொடாமல் வழியனுப்பும் சித்தி

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கும்போது சில சமயம் ஓர் அதிகாரி நம்மைக் கையை நீட்டச் சொல்வார். அவர் விரலிடுக்கில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு இருக்கும். அதைக்கொண்டு நம் உள்ளங்கையையும் பையின் கைப்பிடியையும் ஒரு தடவு தடவிவிட்டு, பக்கத்திலிருக்கும் இயந்திரத்தின் வாயில் செருகுவார். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். வெடிமருந்துத் தூள் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தத் துண்டைக் கண்டாலே கை தானாகப் பின்னால் போகும். வளைகுடாவில் நர்ஸ் வேலைக்கு வந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் போய்த் திரும்புகிறவள் நான். இத்தனை பயணத்துக்குப் பிறகும் அது பழகவில்லை. ஏனென்றால் அந்தத் துண்டை நான் முதன்முதலாகப் பார்த்தது சித்தியின் கைமேல்.

சித்தி என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள் இல்லை. சிவகாசிப் பக்கம் ஆமத்தூரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. கணவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. காலையில் கம்பெனி வேன் வந்து விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலைக்கு அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரல்களில், நகக்கண்ணில், ரேகைகளுக்குள் அலுமினியத் தூள் மினுமினுக்கும். எந்தச் சோப்புக்கும் அது மசியாது. நாங்கள் சிறுபிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்வோம். "எல்லாரும் வெள்ளிய கால்ல போட்டுருக்காக, நான் கையில போட்டுருக்கேன். ஒங்களுக்கென்ன வந்துச்சு?" என்று அவளும் சிரிப்பாள். யாருக்கும் பாரமில்லாமல், யாரையும் எதுவும் கேட்காமல் இருக்கிறவள் என்று ஊரில் பெயர். அப்படிப் பெயர் வாங்கினவர்களிடம் பிறகு யாரும் எதுவும் விசாரிப்பதில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது.

அவள் பிறந்தது இலங்கை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்ட காலத்தில், அப்பா அம்மாவோடு சிறுமியாக இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவள். அவளைத் தூக்கி வளர்த்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். கப்பலுக்குக் கொண்டுபோகும் ரயிலுக்கு வெளியே நின்று, வண்டி நகர்ந்த பிறகும் தங்கையின் கையை விடாமல் அக்கா கூடவே ஓடி வந்தாளாம். சித்தி அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த ஒரு காட்சியைத்தான் சொல்வாள். வேறு எதுவும் நினைவில் இல்லை, முகம்கூட இல்லை. பிற்காலத்தில் தொலைபேசி வந்து பேசிக்கொண்டார்கள். வீடியோவில் முகம் பார்க்கலாம் என்ற வசதி வந்தபோது அக்காவுக்குக் கண் இரண்டும் போய்விட்டது. "ஒன் குரல் கேட்டு என்ன செய்ய? ஒன்னத் தொட்டுப் பாக்கணும்" என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாராம்.

எங்கள் சர்ச் வாலிபர் சங்கம் இலங்கைக்கு ஊழியப் பயணம் போவதாக முடிவானபோது நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாடு என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சிவகாசி அச்சகம் ஒன்றில் வேத வசனம் போட்ட காலண்டர்கள் அடித்தோம், ஒரே நிறத்தில் டி-ஷர்ட் தைத்தோம், பொம்மலாட்டம் ஒத்திகை பார்த்தோம். போகும் இடம் அந்த அக்கா இருக்கும் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் என்று தெரிந்த அன்று, சித்தி போதகர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஐயா, நானும் வாறேன். சமைக்கேன், பிள்ளைகளப் பாத்துக்கிடுதேன், என்ன வேலைன்னாலும் செய்யுதேன்" என்றாள். அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான். போதகர் மறுக்கவில்லை.

பயணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க அவள் எலுமிச்சம்பழமும் சாம்பலும் வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாத அக்காவுக்குக் கை மினுங்கினால் என்ன என்று நான் கேட்டேன். "அவளுக்குத் தெரியாதுட்டி. பக்கத்துல இருக்கவுக பாத்துச் சொல்லுவாகல்ல, பட்டாசு வேலைக்குப் போறான்னு. அக்கா பயந்துருவா" என்றாள். அக்காவிடம் அவள் சொல்லிவைத்திருந்தது 'கம்பெனி வேலை' என்று மட்டும். எந்தக் கம்பெனி என்று அந்த அம்மாவும் கேட்கவில்லை. புதுப் பை, அக்காவுக்கு ஒரு நீலப் புடவை, தனக்கும் புதுச் சேலை. கம்பெனியில் உடுத்தின துணி ஒன்றைக்கூட அந்தப் பைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சர்ச்சில் வழியனுப்பு ஜெபம். எங்கள் பைகளை எல்லாம் வாசல் ஓரம் வரிசையாக வைத்திருந்தோம். ஜெபம் முடிந்து வெளியே வந்தால் கம்பெனி வேன் அங்கேயே நிற்கிறது. சித்தியோடு வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே வந்து இறங்கியிருந்தார்கள். எல்லோரும் இந்துக்கள், உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே காத்திருந்திருக்கிறார்கள். ஆளுக்கொன்றாய் முறுக்கு, சீனிமிட்டாய், சாத்தூர் காராச்சேவு. "கப்பல்ல வந்தவ பிளேன்ல போறா பாரு!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முறுக்கு நொறுங்கிவிடக் கூடாதென்று பையைத் திறந்து, நீலப் புடவையை விரித்து, அதற்குள் பொதிந்து வைத்ததும் அவர்கள்தான். சித்தி அன்று சிரித்த மாதிரி பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் மதுரை விமான நிலையத்தில் எங்கள் குழுவில் எல்லோரும் உள்ளே போனோம். சித்தியின் பையைத் தடவிய துண்டைச் செருகியதும் இயந்திரம் கத்தியது. இன்னொரு துண்டால் அவள் கையைத் தடவினார்கள். மறுபடியும் கத்தியது. பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்தார்கள். நீலப் புடவையின் மடிப்பில் மங்கலாக ஒரு வெள்ளிக் கை ரேகை. சித்தி அதைப் பார்த்தாள். யாருடைய கை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்திருக்க வேண்டும், விரலால் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். எங்கே வேலை, என்ன வேலை என்று தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். யாரோடோ தொலைபேசியில் பேசினார்கள். அதிகாரிகளைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் வேலை அது, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் விமானம் காத்திருக்காது அல்லவா? போதகர் எங்களையும் நிறுத்திவிடலாமா என்று தவித்தபோது சித்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டிப் போகச் சொன்னாள். நாங்கள் போனோம். சோதனை முடிந்து அவளை விடுவித்தபோது விமானம் பறந்துவிட்டது. முறுக்கையும் புடவையையும் திரும்ப அடுக்கிக்கொண்டு, இன்னொரு டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் தனியாகப் பேருந்து பிடித்து விருதுநகர் வழியாக ஊர் திரும்பியிருக்கிறாள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதக் கதையும் சொல்லிக்கொடுக்கப் போனோம். அவர்களுக்கு எங்களைவிட அதிகப் பாட்டுத் தெரிந்திருந்தது, எங்கள் பொம்மலாட்டத்தைப் பெரிய மனது பண்ணிப் பார்த்தார்கள். ஒரு மத்தியானம் சித்தியின் அக்காவான அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்குப் போனோம். வரிசை வீடுகளில் ஒன்று. சித்தி வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். முன்னால் நின்றவள் நான். என் கையைக் கொடுத்தேன். ஒரு தடவு தடவினார். "இது என் தங்கச்சி இல்லியே" என்றார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போதகர் எவ்வளவோ விளக்கினார். ஒரு மெஷின் எப்படி ஒரு மனுஷியை நிறுத்தும் என்று பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. "அவ கையில அப்படி என்ன இருந்திச்சு?" என்று என்னைத்தான் கேட்டார். "வேலை செஞ்ச கை பெரியம்மா, அதான்" என்றேன். அவர் தன் விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். கொழுந்து பறித்துப் பறித்து வெடிப்புகளில் கறுத்துப்போன விரல்கள். "அப்படின்னா என்னையும்தான் விடமாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு நாங்கள் கிளம்பும்வரை என் வலது கையை விடவே இல்லை. அந்தப் பிடி எனக்கானது இல்லை என்று தெரிந்தும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பி வேன் சர்ச் வாசலில் நின்றபோது சித்தி அங்கே நின்றாள். எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்து என்னிடம் வந்தாள்.

"அக்கா ஒன் கையப் புடிச்சாளா?"

"புடிச்சாங்க சித்தி. விடவே இல்ல."

"எந்தக் கை?"

நீட்டினேன். அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கூட வேலை செய்யும் பெண்களிடம் டிக்கெட்டில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டாள். அவர்கள் ஆசையாகத் தொட்ட கைதான் அவளை நிறுத்தியது என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் சொல்லிவிடாதே என்று என்னிடமும் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் மறுபடி போகலாம் என்று போதகர் சொன்னார். அதற்குள் மழைக்காலத்தில் அங்கிருந்து தொலைபேசி வந்தது, பெரியம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அதன்பின் சித்தி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஊரில் யார் வெளிநாடு கிளம்பினாலும் வந்து நிற்பாள், கிட்ட வரமாட்டாள், தொடமாட்டாள். நான் முதன்முதலாக வளைகுடாவுக்குக் கிளம்பிய அன்று இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். "நல்லாப் போயிட்டு வாத்தா" என்றாள். வாசலில் அத்தனை பேர் கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். இங்கே என் அறையில் தனியாகப் படுத்திருக்கும் நேரங்களில் நினைவுக்கு வருவது கட்டிப்பிடிக்காத அவள்தான்.

இந்த முறை ஊருக்குப் போனபோது அவள் வேலையை விட்டிருந்தாள். மூச்சு முட்டுகிறது என்று டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். நகக்கண்ணெல்லாம் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. "இப்ப எந்த மிசினும் கத்தாதுட்டி. போயிப் பாக்கத்தான் ஆளில்ல" என்றாள், சும்மா சொல்வதுபோல. கிளம்பும் அன்று வழக்கம்போலத் தள்ளி நின்றாள். நான் கிட்டப் போய் முந்தானைக்குள்ளிருந்து அவள் கைகளை வெளியே இழுத்தேன். "விடு பிள்ள, பிளேன விட்டுருவ" என்று பதறினாள். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு இறுக்கமாக யாரும் என் கையைப் பிடித்தது அந்தப் பெரியம்மாவுக்குப் பிறகு அன்றுதான்.

மதுரையில் வரிசையில் நின்றேன். அதிகாரி கையை நீட்டச் சொன்னார். சித்தி பிடித்த பிறகு எங்கும் நான் கை கழுவியிருக்கவில்லை. வெள்ளைத் துண்டு என் உள்ளங்கையில் ஒருமுறை ஓடியது, இயந்திரத்துக்குள் போனது. அது கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், என்னை நிறுத்தி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கட்டும் என்றுகூட நினைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லை, போங்கள் என்றார். பின்னால் நின்றவர் நகரச் சொல்லும்வரை நான் கையை நீட்டியபடியே நின்றிருந்தேன்.