நாலு விசில்

பிள்ளைகளா, நான் சமையல் கற்றுக்கொண்ட கதையை உங்கள் அம்மா போனில் சொல்லிச் சொல்லி, அது இப்போது வேறு கதையாகிவிட்டது. அதில் நான் அழுததாகவெல்லாம் வருகிறது. வெங்காயம் நறுக்கினால் யாருக்கும்தான் கண்ணீர் வரும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் டெல்லியில் பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். நானும் பத்தாவதோடு நின்றவன். கஷ்டமான வார்த்தை எதுவும் வராது, தைரியமாகப் படியுங்கள்.

மூத்தவளே, உன் பிரசவத்தில்தான் இது ஆரம்பித்தது. நீ டெல்லிக்கு ரயில் ஏறக் கூடாது என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாதான் அங்கே வந்து மூன்று மாதம் இருந்தாக வேண்டும். எனக்கோ வயிற்றுப் புண். வெளிச் சாப்பாடு ஆகாது.

"நீங்க இங்க பட்டினி கெடப்பிய. நான் அங்க எப்படி நிம்மதியா இருப்பேன்?" என்று அம்மா முரண்டு பிடித்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். சோறும் சாம்பாரும் நான் தனியாகச் செய்ய வேண்டும். அவள் சமையலறைக்குள் வரமாட்டாள். சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பெங்களூருக்குப் போவதா வேண்டாமா என்று சொல்வாள். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு. நீ அங்கே ஒவ்வொரு நாளும் "அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஐம்பத்தேழு வயது வரை நான் அடுப்பங்கரையில் செய்த ஒரே வேலை, பால் பொங்கும்போது "பால் பொங்குது" என்று கூப்பிட்டதுதான். ஒரு வாரம் பயிற்சி நடந்தது. ஆபீஸ் டைரியில் குறிப்பெடுத்தேன்.

"உப்பு எவ்வளவு?"

"கண்ணளவு போடுங்க."

"யாரு கண்ணுக்கு?"

"பாத்தாலே தெரியும்."

"தெரிஞ்சா நான் எதுக்கு டைரியத் தூக்கிட்டு நிக்கேன்?"

அவள் சொன்னதில் எனக்குத் தெளிவாக விளங்கியது ஒன்றுதான்: பருப்புக்கு நாலு விசில். அதில் கண்ணும் வேண்டாம், கைப்பக்குவமும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். முப்பது வருஷம் அரசாங்கத்தில் ஃபைல் அடுக்கியவனுக்கு நாலு வரை எண்ண வராதா?

ஞாயிறு காலை குளித்து, சாமி கும்பிட்டு, உள்ளே போனேன். அம்மா கூடத்தில் டீவிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பருப்பு, தண்ணீர், மஞ்சள்பொடி போட்டுக் குக்கரை மூடி அடுப்பில் ஏற்றிவிட்டு, முருங்கைக்காய் நறுக்கத் தொடங்கினேன். விசில் வந்தது. "ஒண்ணு" என்றேன், கூடத்துக்குக் கேட்கும்படி. ரெண்டு. மூணு. நாலு. அடுப்பை அணைத்தேன். இவ்வளவுதானா சமையல் என்று நினைத்தேன்.

மூடி கையோடு வந்தது. உள்ளே பருப்பு கடையில் வாங்கினபடியே கிடந்தது. மஞ்சள் பூசிக் குளித்ததுதான் மிச்சம்.

"இங்க வந்து பாரேன்," என்றேன்.

"வரமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். நம்ம குக்கரு இன்னும் வாயே தொறக்கல. நாலு விசிலும் பக்கத்து வீட்டுல வேவுற ராஜ்மா பயறோடது."

நம் குவார்ட்டர்ஸ் உங்களுக்குத்தான் தெரியுமே. இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னலும் ஒரே சந்துப் பக்கம் பார்த்திருக்கும். அங்கே ஊதினால் இங்கே ஊதின மாதிரி கேட்கும். நம் குக்கரின் வெயிட்டோ கழுவிவைத்த இடத்திலேயே இருந்தது. நான் அதைப் போடவே இல்லை.

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அந்த வீட்டுக் குக்கரு நீளமா ஊதும். நம்மது இருமும்."

இருபத்திரண்டு வருஷமாக நம் வீட்டில் சாப்பிடுகிறேன். அந்த இருமல் ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப நான் பெயிலா?"

"மணி பதினொண்ணுதான் ஆவுது. இன்னொரு தடவ வையுங்க. இதுவும் சரியா வரலன்னா, புள்ளைக்குப் போன் போட்டு நான் வரலன்னு சொல்லிருவேன்."

இந்தத் தடவை வெயிட்டைப் போட்டேன். ஆனால் பக்கத்தில் மறுபடி ஊதினால்? எது நீளம், எது இருமல் என்று பதற்றத்தில் எனக்குப் பிரியாது. நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டம்மா திறந்தார்கள். பாபிஜி, அரை மணி நேரம் கேஸை அணைத்து வையுங்கள், எனக்கு இம்திஹான் என்று இந்தியில் சொன்னேன்.

"இம்திஹான்? இஸ் உமர் மே, பாய் சாஹப்?"

இந்த வயதில் என்ன பரீட்சை என்று கேட்டவர்கள் என் வலது கையைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் ஓடிப்போய் அணைத்தார்கள். முருங்கைக்காய் நறுக்கின கத்தியோடு போய் நின்றிருக்கிறேன். அம்மா வாசலுக்கு வந்து விஷயத்தை விளக்கிய பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர்கள் ஜன்னலுக்கு வந்து நின்று, நம் குக்கர் இருமும்போதெல்லாம் "ஏக்... தோ..." என்று எனக்காக எண்ணினார்கள். நாலாவதுக்குக் கை தட்டினார்கள்.

பருப்பு வெண்ணெயாக வெந்திருந்தது. புளி கரைத்து ஊற்றி, பொடி போட்டு, தாளித்து, வடித்துவைத்த சோற்றோடு கொண்டுபோய் வைத்தேன்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"புளி தூக்கல். பெருங்காயம் போடவே இல்ல."

"சரி."

"காயி இன்னும் வேகணும்."

"சரி. அப்ப டிக்கெட்ட..."

அவள் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிக்கொண்டாள். பிறகு இன்னொன்று. சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பரண்ல பெரிய பெட்டி இருக்கு. எறக்கிக் குடுங்க, துணி அடுக்கணும்."