நோன்பில் நான் ருசி பார்க்காத சூப்

சிறுநீரக நோய் என்று தெரிந்ததிலிருந்து என் கணவருக்கு உப்பில்லாமல்தான் சமைக்கிறேன். இந்த ரமழானில் அவரை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எனக்கு நோன்பு. மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த கோழி சூப் டின்களைப் பகலில் அவருக்குத் தினம் ஒன்றாகச் சூடாக்கிக் கொடுத்தேன்.

"எப்படி இரிக்கி?" என்று கேட்டால், "நல்லா இரிக்கி புள்ள" என்று கோப்பையை வழித்துக் குடிப்பார். எனக்கு மனம் குளிர்ந்துவிடும்.

பத்து நாளில் அவருக்குக் கால் வீங்கியது. கல்முனையில் கிளினிக்குக்குப் போனோம். பிரஷரும் ஏறியிருந்தது.

"உப்பு பாவிக்கிறீங்களா?" என்றார் டொக்டர்.

"வல்லாஹி, ஒரு கல்லும் போடல்ல டொக்டர்!" என்றேன் கோபமாக.

அன்று நோன்பு திறந்த பிறகு, மீதமிருந்த டின்களில் ஒன்றை உடைத்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். கடல் தண்ணீர் போலக் கரித்தது. நான் செய்த சத்தியம் பொய்யில்லை. ஆனால் நான் போடாத உப்பை டின்னில் அடைத்தவன் போட்டிருந்தான்.

"ஏன் நீங்க சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நிப்பாட்டிருவாய் புள்ள. எத்தின மாசத்துக்குப் பிறகு வாய்க்கு ருசியா ஒண்டு கிடைச்சிச்சி" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அல்ஹம்துலில்லாஹ், டின் சூப்பை நிறுத்தியதில் நோன்பு முடிவதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. டின்னோ பக்கெட்டோ, சோடியம் எவ்வளவு என்று வாசிக்காமல் இப்போது நான் எதையும் உடைப்பதில்லை. மிளகும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து சூப்பை நானே வைக்கிறேன். அவர் "நல்லா இரிக்கி" என்று சொன்னால் மட்டும், கோப்பையை வாங்கி நானும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன்.