நான்காம் நிலை மூன்றானபோது

நுரையீரலில் புற்றுநோய், நான்காம் நிலை, ஆபரேஷன் செய்ய முடியாது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாளே என் கணவர் தன் வெர்னியரைத் தன்னோடு வேலை பார்த்த சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டார். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. பாகங்களை அளக்கும் அந்த வெர்னியரை என்னைக்கூடத் தொட விட்டதில்லை. இனி தனக்கு அது எதற்கு என்றார்.

மருந்து ஏற்றிக்கொண்டு சில மாதங்கள் ஓடின. ஒருநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து, நிலை பிரிக்கும் விதியை உலக அளவில் மாற்றியிருக்கிறார்கள் என்றார். அதே பக்க நுரையீரலின் வேறு மடலில் இன்னொரு சின்னக் கட்டி இருந்தால், இதுவரை நோய் உடம்பில் பரவிவிட்டதாகக் கணக்கு. இனி அப்படி இல்லையாம். அதனால் இவருக்கு மூன்றாம் நிலை. ஆபரேஷனுக்குப் பார்க்கலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. என் கணவரோ முகம் இறுகி, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

ஓசூர் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் சொன்னார்: "கட்டி அதேதான், அளவும் அதேதான். அளவு போட்ட டிராயிங்க மாத்திட்டு பாஸுன்னா ஆச்சா? எங்க கம்பெனியில சரக்கு ஏத்த லாரி காத்துக்கிட்டு நின்னா இதத்தான் பண்ணுவாங்க. நேத்து ரிஜெக்ட்டு, இன்னைக்கு ஓகே."

"இந்த மாதிரி இருந்தவங்க எவ்வளவு நாளு பொழச்சிருந்தாங்கன்னு பாத்துத்தான் மாத்துனாங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"சொல்லுவாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; பார்க்கட்டும். "நாலுன்னு சொன்னப்ப ஒரு கேள்வி கேட்டீங்களா? ரிஜெக்ட்டுன்னா ஒடனே நம்புவீங்க, ஓகேன்னா மட்டும் நம்ப மாட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிய பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது. "நம்பிட்டு, நெஞ்சத் தொறந்து பாத்துட்டு, முடியாதுன்னா? இன்னொரு தரம் தாங்க மாட்டேன்டி."

எனக்கும் அதே பயம்தான். அதைச் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ கூப்பிடப் போனேன். அவர் நிறுத்தினார். "நாளைக்கு டாக்டருக்கு போன் பண்ணி, சரின்னு சொல்லிடு." அவரே ஆட்டோவுக்குக் கை காட்டினார். "அப்பிடியே என் சிநேகிதன்கிட்ட போயி அந்த வெர்னியர வாங்கிட்டு வந்துரு. குடுத்தத நானே போயி கேட்டா நல்லாருக்காது."