பக்கத்து மாடிக் கொடியின் நிழல்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். கூட்டத்தில் பெயர் கேட்டாலே தலை குனிந்துகொள்வேன். அப்படிப்பட்டவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தைரியம்தான்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். புயலில் கரண்ட் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. விழுந்த போஸ்ட்டுகளை நட ஆள் வருகிறது என்று எல்லாக் கட்சியும் சொன்னது. ஆளும் வந்தது, கொடிக்கம்பம் நட. என் பெரியப்பா மகன் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். அவருடைய மாட்டுக்கொட்டகைக் கூரை வயலில் கிடந்தது. அது கிடக்கட்டும் என்று, மொட்டைமாடியில் முன்னைவிடப் பெரிய கொடியாக ஏற்றினார்.

அதன் நிழல் பக்கத்து மாடியில் இருந்த எங்கள் சோலார் பேனல்மேல் படுத்துக்கொண்டது. அண்ணனுக்கும் எனக்கும் ஏற்கெனவே வரப்புத் தகராறு. வரப்புக்கு சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். நிழலை அளக்க யாரைக் கூப்பிடுவது?

என் மனைவிக்கு இளைப்பு. மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் ஓடினால்தான் மூச்சு அடங்கும். ஆஸ்பத்திரி ரோடு முழுக்க விழுந்த மரம். அன்று காலை இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்ததென்று கூவி ஓய்ந்துவிட்டது. அண்ணனிடம் கேட்டுவிடுவதென்று வீராவேசமாகக் கிளம்பி, வாசல்வரை போய், திரும்பி வந்து தண்ணீர் குடித்தேன்.

அண்ணனே வந்தார், கையில் செல்லும் சார்ஜரும். வரப்பு வழக்கு நடப்பதால் என்னிடம் பேசமாட்டார். மனைவியிடம் பேசினார்.

"செல்லு செத்துப்போச்சும்மா. நிவாரண விஷயமா மேலேர்ந்து கூப்பிடுவாங்க."

"எப்படி மாமா ஏறும்? வெயில் பூரா உங்க கொடியிலதானே நிக்குது."

"கட்சிக் கொடிம்மா. நெனச்சா இறக்க முடியுமா? தலைவருங்க யாராச்சும் போனா அரைக்கம்பத்துல விடுவோம்."

மனைவி மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்: "நான் போனா... எவ்வளவு இறக்குவீங்க? கால் கம்பமாச்சும்... உண்டா?"

இந்த நெருக்கடியில் நான் என் பங்குக்குத் தரையைப் பார்த்தேன்.

அண்ணன் செல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கொடி இறங்கியது. பேனலில் வெயில் விழுந்தது. மதியத்துக்குமேல் மெஷின் ஓடியது. மூச்சு அடங்கியதும் மனைவி முதல் வேலையாக அவர் செல்லைச் சார்ஜில் போட்டாள்.

மாடியிலிருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வழக்குப் போட்டதிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"டேய், யாராச்சும் கேட்டா, கொடியைத் துவைக்கப் போட்டிருக்குன்னு சொல்லு!"

மறுநாள் போஸ்ட் நட்டார்கள். சாயங்காலம் கரண்ட் வந்தது. கொடி ஏறியது.