நான் சொன்னதாக அச்சான வரி

பிள்ளைகளா, அமைச்சரிடம் உதவியாளராக இருந்தவர் ஓய்வு பெற்றதும் புத்தகம் போட்டார். அது கைக்குக் கை போவதைப் பார்த்துவிட்டு, "அய்யா, நீங்களுந்தான் அஞ்சு வருசம் அவருக்கு வண்டி ஓட்டுனீக. உங்களுக்குத் தெரியாத கதையா? எழுதுங்க" என்கிறீர்கள். எனக்கு எழுத வருவது ஒன்றுதான். அதை எழுதிவிடுகிறேன்.

அந்தப் புத்தகத்தில் 'தீவுக்காரி' என்று ஒரு பெண் வருகிறார் அல்லவா? அந்தம்மாவுக்குப் பாம்பன் பக்கம். எல்லை தாண்டி மீன் பிடித்தார் என்று கணவரை இலங்கைச் சிறையில் வைத்திருந்தார்கள். அமைச்சர் ராமநாதபுரம் வரும்போதெல்லாம் விருந்தினர் மாளிகை வாசலில் மனுவோடு நிற்பார். பெரிய ஆளைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பை கருவாடு கொண்டுவருவார். அமைச்சர் அதைத் தொடமாட்டார். நானும் உதவியாளரும் பங்கு போட்டுக்கொள்வோம். நீங்களும் தின்றிருக்கிறீர்கள்.

ஒருநாள் சாயங்காலம் மனுவைக் கொடுத்து முடிப்பதற்குள் அந்தம்மாவின் பஸ் போய்விட்டது. "நீ கொண்டுபோய் விட்டுட்டு வாப்பா" என்று அமைச்சரே சொன்னார். அந்தம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கடல் பாலம் ஏறியதும், "அங்கன அவுகளுக்கு நேரத்துக்குச் சோறு குடுப்பாகளாண்ணே?" என்று கேட்டார். குடுப்பாங்கம்மா என்றேன். எனக்கென்ன தெரியும்.

மறுநாள் காலை உதவியாளர், "என்னப்பா, அரசாங்க வண்டியில தீவுக்குச் சவாரியாமே?" என்று கண்ணடித்தார்.

"அமைச்சர் அய்யாவோட சொந்தச் சரக்கு சார். நாமதான பத்திரமா எறக்கணும்" என்றேன்.

இருவரும் சிரித்தோம். காத்துக் கிடக்கிற நேரத்தில் எங்களுக்கு இப்படிப் பேசித்தான் பொழுது போகும். சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். அவர் மறக்கவில்லை. அந்த வரியை அப்படியே போட்டு, 'ஓட்டுநரே சொன்னார்' என்றும் எழுதிவிட்டார். பஸ் போனதை எழுதவில்லை. சிறையையும் மனுவையும் எழுதியிருந்தார். அதனால் பெயர் இல்லாமலே ஊருக்கு ஆள் தெரிந்துபோனது.

போன கோடையில் அந்தம்மா நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் யாரும் இல்லை. கணவர் விடுதலையாகி வந்து, சில வருசத்தில் இறந்தும் போனாராம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, மாதா கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பேரைச் சாமியார் வாசிப்பது அவர்கள் வழக்கம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்திருந்தது. அதற்குள் யாரோ புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மூணாவது ஓலைக்கு முந்தி நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்ணே. வேற ஒண்ணும் கேக்கல."

வாரேன் என்றேன். ஆனால் முதலில் உதவியாளர் வீட்டுக்குத்தான் போனேன். அதில் உண்மையில்லை என்று அவர் ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் என் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்காதே என்று நினைத்தேன். "நான் பேரே போடலையேப்பா. சொன்னவன் நீதான?" என்றார். பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் ஓட்டினேன். சனிக்கிழமைதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் அப்பா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இது பொய்யி."

"பொய்தாங்க. வெளையாட்டாச் சொன்னது."

"நல்லா வெளையாண்டீக போங்க." தையலை நிறுத்தவில்லை. "திங்கக்கிழமையே வந்து சொல்லியிருந்தா, இந்தப் பிள்ளைக்காக நானே ஊரோட சண்டைக்கு நின்னுருப்பேன். நேத்துத்தான் சாமியார்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்தோம். சொன்ன பெறகு எப்படி மாத்துறது?"

மறுநாள் கோயிலுக்குப் போய்க் கடைசியில் நின்றேன். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். தாளை மடித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். அந்தம்மா அதற்குப் பிறகும் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது என்னைக் கண்டு நின்றார். "சாப்டுட்டுப் போங்கண்ணே" என்றார். மகள் நிற்காமல் நடந்து போனாள். இதுவரை அந்தப் பிள்ளைக்கு வேறு இடம் அமையவில்லை.